பிடிக்காத ஊரில் நிற்கும் குரூஸை எடுக்கலாமா? புக் செய்வதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

"பினாங்கு போயாச்சு, போர்ட் கிளாங்குல ஒண்ணுமே இல்லையாம், அப்ப இந்த குரூஸ் வேண்டாம்." ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். நான் சிங்கப்பூரில் இருப்பதால் திருச்சி, மதுரைப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குக் கப்பல் பார்த்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள்தான். மலாக்கா நீரிணை வழியாக மேலே போய் போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் ஆகியவற்றில் ஒன்றிலோ இரண்டிலோ நின்றுவிட்டுத் திரும்பும். இதில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து நல்ல கப்பலை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், ஊரைக் கவனிக்காமல் புக் செய்துவிட்டுப் பணத்தை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத ஊர் ஒன்று பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பயணத்தை ஒதுக்க வேண்டாம். ஆனால் சில சமயம் அந்த ஒரு ஊரே ஒதுக்குவதற்குப் போதும். உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளக் கீழே உள்ள வரிசையில் போங்கள். நடுவில் தாண்டினால் பின்னால் செய்ததை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஊர்ப் பெயர்கள் மட்டும் உள்ள விளம்பரப் படம் போதாது. ஒவ்வொரு ஊருக்கும் கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்ற முழு அட்டவணை வேண்டும். கப்பல் கட்டும் இடத்தின் சரியான பெயரும், அது பியரில் (கரையிலுள்ள கப்பல் மேடையில்) கட்டுமா அல்லது நடுக்கடலில் நின்று சிறு படகில் கொண்டுபோய் விடுமா என்பதும் வேண்டும். இந்தப் படகுக்கு டெண்டர் என்று பெயர், பின்னால் மறுபடி வரும்.

விலையைப் பொறுத்தவரை கேபின் கட்டணம், வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான கிராஜுவிட்டி (டிப்ஸ்) எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுகிற விலையை வைத்து இரண்டு பயணங்களை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகப் போகும்.

கடைசியாக, கூட வருகிறவர்களைப் பற்றிய உண்மை நிலவரம். யாருக்கு முட்டிவலி, யாரால் படி ஏற முடியாது, எந்தக் குழந்தைக்கு மதியத் தூக்கம் கட்டாயம். உங்களுக்குப் பிடிக்காத ஊர் அம்மாவுக்குப் பிடித்ததாக இருக்கலாம், இதை யாரும் கேட்பதே இல்லை.

2. கப்பலுக்காகப் போகிறீர்களா, ஊருக்காகவா

இதை ஊர்ப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு மனசு ஊர்களின் பக்கமே போகும், எதற்காகக் கிளம்பினோம் என்பது மறந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு இரவுப் பயணம் என்றால் முதல் நாள் மாலை 5 மணிக்குக் கிளம்பி ஐந்தாம் நாள் காலை 7 மணிக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 86 மணி நேரம். இரண்டு ஊர்களில் ஒன்பது ஒன்பது மணி நேரம் நின்றால் 18 போக மீதி 68 மணி நேரம் நீங்கள் கடலில்தான் இருக்கிறீர்கள். ஒரு பிடிக்காத ஊர் என்பது இந்தப் பயணத்தில் பத்தில் ஒரு பங்கு. அதற்காக மீதி ஒன்பது பங்கையும் தள்ளிவிடப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி.

இதே கணக்கு ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸிலிருந்து கிளம்பும் கிரேக்கத் தீவுப் பயணத்துக்கு ஒத்துவராது. அங்கே ஏறக்குறைய தினமும் ஒரு ஊர், கப்பல் என்பது இரவில் தூங்கி எழும் இடம். அப்படிப்பட்ட பயணத்தில் ஏழில் மூன்று ஊர்கள் வேண்டாதவை என்றால் தாராளமாக வேறு பாருங்கள்.

3. "பிடிக்கவில்லை" என்பதைப் பிரித்துப் பாருங்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பிடிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் நான்கு விதமான பதில் வருகிறது. ஒன்று, ஏற்கெனவே போயாச்சு. இரண்டு, யாரோ நன்றாக இல்லை என்று சொன்னார்கள். மூன்று, போன தடவை இறங்கிப் பியரைச் சுற்றிப் பார்த்தேன், வெறும் கடைகள்தான். நான்காவது, உண்மையான காரணம்: அந்த வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அங்கே எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு, அந்த இடத்தில் பாதுகாப்பாக உணரவில்லை. முடிவில் எடை போட வேண்டியது இந்த நான்காவதைத்தான். மற்ற மூன்றும் சரிசெய்யக்கூடியவை.

'போயாச்சு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் கப்பல் கட்டும் ஸ்வெட்டன்ஹாம் பியர் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் வந்த பழைய நகரம் அது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குயீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். எங்கள் பெரியப்பா முதல் தடவை டூர் பஸ்ஸில் பினாங்கு மலைக்குப் போய் வந்து, வரிசையில் நின்றதுதான் மிச்சம் என்று அலுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை எந்த டூரும் எடுக்காமல் காலையில் கோயில், ஒரு காபி, பதினோரு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். அதே ஊர்தான். இன்றைக்கும் அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

'வெறும் கடைகள்தான்' என்பதும் அப்படியே. துருக்கியின் குஷாதாசியில் இறங்கினால் தோல் கடையும் கம்பளக் கடையும் வழிமறிக்கும், பலருக்கு அதோடு வெறுத்துவிடும். ஆனால் அந்த ஊர் பட்டியலில் இருப்பதே 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எபேசு என்ற பழங்கால நகரத்துக்காக. கிரேக்கத்தில் கட்டாகொலோன் ஒரு சின்னக் கடலோரக் கிராமம், பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். அங்கிருந்துதான் ஒலிம்பிக் போட்டிகள் பிறந்த பழைய ஒலிம்பியாவுக்குப் போக வேண்டும். ஊரைத் தள்ளுவதற்கு முன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

4. பெயரை விடுங்கள், பியரைப் பாருங்கள்

பிடித்த ஊர் என்று நினைத்து ஏமாறுவதும் இதே அளவுக்கு நடக்கிறது. அட்டவணையில் ரோம் என்று இருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில், ரோமுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். பாரிஸ் என்றால் லெ ஆவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் பால்டிக் கடற்கரையில் உள்ள வார்னமுண்டே, அது இன்னும் தூரம். பாங்காக் என்றால் பெரும்பாலும் லேம் சபாங், சாலையில் இரண்டு மணி நேரம். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜுடெக்கா கால்வாய்க்குள் போக முடியாது, அதனால் வெனிஸ் என்று போட்ட பயணம் ராவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ தொடங்கலாம்.

ஆக, வேண்டாம் என்று நினைத்த பினாங்கில் பத்து நிமிடத்தில் ஊருக்குள் இருப்பீர்கள், வேண்டும் என்று நினைத்த கோலாலம்பூருக்கு, கப்பல் நிற்கும் போர்ட் கிளாங்கிலிருந்து போய்வரப் பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். பியரின் பெயரைத் தேடி, நீங்கள் பார்க்க விரும்பும் இடத்துக்கு வாகன நேரம் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அந்த எண் இல்லாமல் முடியாது.

5. கையில் நிற்கும் மணி நேரத்தைக் கணக்கிடுங்கள்

போர்ட் கிளாங்கை வைத்தே போட்டுப் பார்ப்போம். காலை 8 முதல் மாலை 5 வரை, ஒன்பது மணி நேரம். இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம் கழியுங்கள். எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் பொதுவாகக் கிளம்புவதற்கு அரை மணி முன்பு, அதையும் கழியுங்கள். போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், கோலாலம்பூர்ப் பக்கம் இது அதிகமே இல்லை. போக ஒன்றரை, வர ஒன்றரை. மீதி மூன்றரை மணி நேரம்.

இதில் பத்துமலை ஒன்றுக்கு மட்டும் போனால் நிம்மதியாக 272 படி ஏறி இறங்கலாம். பத்துமலை, இரட்டைக் கோபுரம், ஷாப்பிங் மூன்றும் என்றால் எதையும் பார்க்காமல் களைத்துத் திரும்புவீர்கள், அப்புறம் போர்ட் கிளாங் மோசம் என்று நாலு பேரிடம் சொல்வீர்கள். ஒரு ஊரைப் பற்றிய கெட்ட பெயரில் பாதி இப்படித்தான் உருவாகிறது.

புக்கெட்டில் இன்னொரு சிக்கல். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரைக்கு இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். போனை நம்பி நடந்தால் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்து நிற்பீர்கள். கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டிக் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

6. இறங்காவிட்டாலும் விசா

"அந்த ஊர்ல நாங்க இறங்கவே போறதில்லை, எதுக்கு விசா?" இந்தக் கேள்விக்குத் தவறான பதிலை நம்பியவர்கள் ஏறும் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு நாட்டுக்குத் தேவையான ஆவணம் இல்லையென்றால்கூட கப்பலில் ஏற்றாமல் விடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, கட்டிய பணமும் பெரும்பாலும் வராது. நீங்கள் கேபினில் தூங்கினாலும் கப்பல் அந்த நாட்டுக்குள் போகிறது என்பதுதான் காரணம்.

ஆகவே பிடிக்காத ஊர் விசா கேட்கும் நாட்டில் இருந்தால் அந்த ஊருக்கான செலவில் விசாக் கட்டணத்தையும் அலைச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இந்த ஒரு காரணத்துக்காகப் பயணத்தை விடச் சொன்னதுண்டு. இறங்கவே போகாத ஊருக்கு நான்கு பேருக்கு விசா எடுப்பது வீண்.

திரும்பி வருவதையும் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய்த் திரும்பினால் அது மறுபடி நாட்டுக்குள் நுழைவது, எனவே பலமுறை நுழையும் விசா வேண்டும், எஸ்ஜி அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் நுழைவுப் படிவத்தையும் மறுபடி நிரப்ப வேண்டும் (அது இலவசம், பணம் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள்). ஐரோப்பாவிலும் அதே கதைதான். இத்தாலியில் ஏறி துருக்கியோ மாண்டினீக்ரோவோ போய்விட்டு கிரேக்கத்துக்கு வந்தால் ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள்) இரண்டாம் முறை நுழைகிறீர்கள். குரோவேஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, பழைய குறிப்புகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், புக் செய்யும் வாரத்தில் அரசுத் தளத்திலேயே ஒரு தடவை சரிபாருங்கள்.

7. அந்த ஊர் ஏன் பட்டியலில் இருக்கிறது

இது சின்ன விஷயம்தான், ஆனால் தெரிந்தால் ஏமாற்றம் குறையும். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிவிட்டு அங்கேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். சியாட்டிலிலிருந்து கிளம்பும் அலாஸ்கா பயணம் கனடாவின் விக்டோரியாவில் மாலையில் சில மணி நேரம் நிற்பதும், கலிபோர்னியாவிலிருந்து போகும் ஹவாய்ப் பயணம் மெக்சிகோவின் என்செனாடாவைத் தொடுவதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட ஊரைத் தவிர்க்க வேறு பயணம் தேடினால் அதிலும் அதே ஊர் இருக்கும், தேடும் நேரம்தான் வீண். அதைக் கப்பலில் கழிக்கும் ஒரு மாலை என்று முதலிலேயே எழுதிவிட்டு மேலே போங்கள்.

8. கப்பலிலேயே இருந்துவிட்டால் அந்த நாள் எப்படி

இறங்குவது கட்டாயமில்லை. சில துறைமுகங்களில் குடிநுழைவுச் சோதனைக்காக எல்லோரும் ஒரு தடவை வந்து போக வேண்டியிருக்கும், அதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் இறங்கிப் போனபின் கப்பல் வேறு மாதிரி இருக்கும். கடல் நாளில் (எந்த ஊரிலும் நிற்காத நாளில்) நாற்காலி கிடைக்காத நீச்சல்குளம் காலியாகக் கிடக்கும். சறுக்குக்கு வரிசை இல்லை, பஃபேயில் கடலைப் பார்த்த மேஜை கிடைக்கும், ஸ்பாவில் துறைமுக நாள் என்று விலையைக் குறைத்துக் கொடுப்பதும் வழக்கம். எங்கள் அத்தைக்கு முட்டிவலி, பினாங்கில் இறங்கவில்லை. பேரனோடு குளத்தருகே உட்கார்ந்திருந்துவிட்டு, மொத்தப் பயணத்தில் அந்த ஒரு நாள்தான் அமைதியாக இருந்தது என்றார்.

கேசினோவும் வரியில்லாக் கடைகளும் துறைமுகத்தில் மூடியிருக்கும், பெரிய ஷோக்களும் மாலையில்தான். அவற்றுக்காகவே வருகிறவர் என்றால் துறைமுக நாள் உங்களுக்கு நட்டம்தான், கடல் நாள் அதிகமுள்ள பயணத்தைத் தேடுங்கள். மேல்தளத்தில் வெயில், சத்தம், டீசல் வாசனை தாங்காதவர்களும் யோசிக்க வேண்டும், துறைமுகத்தில் கடல்காற்று இருக்காது.

இங்கே நடக்கும் தவறு ஒன்று: காலையில் எழுந்த பிறகு முடிவு செய்வது. இறங்கலாமா வேண்டாமா என்று பத்து மணி வரை பேசிவிட்டு, இறங்கினாலும் நேரமில்லை, இருந்தாலும் பாதி நாள் போய்விட்டது என்று நிற்பார்கள். புக் செய்யும்போதே 'இந்த ஊர் கப்பல் நாள்' என்று குறித்துவிடுங்கள்.

9. இப்போது மாற்றுப் பயணத்தோடு ஒப்பிடுங்கள்

பிடிக்காத ஊர் இல்லாத பயணம் கற்பனையில் எப்போதும் அழகாக இருக்கும். நிஜமாகவே விற்பனையில் உள்ள ஒன்றை எடுத்து, அதே வகைக் கேபின், அதே இரவுகள், அதே விடுமுறைக் காலம் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி மாறினால் விமானக் கட்டணமும் மாறும், சென்னையிலிருந்து நான்கு பேர் வரும்போது அதுவே பெரிய தொகை.

வித்தியாசத்தை வெளிப்படையாக எழுதுங்கள். ஒரு ஊரைத் தவிர்க்க எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம், அதற்குப் பதில் கிடைப்பது எது, அங்கே ஐந்தாம் படியின் கணக்குப்படி எத்தனை மணி நேரம்? போர்ட் கிளாங்கை விட்டுப் புக்கெட்டைப் பிடித்தோம் என்று மகிழ்ந்து, ஜூலையில் போய், தென்மேற்குப் பருவக்காற்றில் கடலில் இறங்காதே என்று கடற்கரையில் நட்ட சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டு வந்த குடும்பம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கடல் மே முதல் அக்டோபர் வரை முரட்டுத்தனமாக இருக்கும்.

10. பிடித்த ஒரே ஊருக்காகவும் எடுக்க வேண்டாம்

வானிலை, துறைமுக நெரிசல், இயந்திரக் கோளாறு என்று எந்தக் காரணத்துக்கும் நிறுத்தத்தை மாற்றவோ விடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு, டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கும். அப்படி விட்டால் பொதுவாகத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். டெண்டர் படகில் இறங்கும் ஊர்கள்தான் முதலில் போகும், அலை கொஞ்சம் உயர்ந்தாலே படகு ஓடாது. புக்கெட்டின் படோங்கும் கிரேக்கத்தின் சாண்டோரினியும் அப்படிப்பட்ட இடங்கள்.

சாண்டோரினியைச் சொன்னதால் இன்னொன்று. படகில் இறங்கினபின் மேலே ஊருக்குப் போக கேபிள் கார் வரிசை, இல்லையென்றால் கிட்டத்தட்ட 600 படி. 2025 ஜூலை முதல் கோடை உச்சத்தில் சாண்டோரினி, மிகோனோஸ் இரண்டிலும் இறங்கும் கப்பல் பயணிக்குத் தலா 20 யூரோ கட்டணமும் உண்டு. அந்த ஊரைப் பார்ப்பதுதான் வாழ்நாள் ஆசை என்றால் விமானத்திலோ பெர்ரியிலோ போய் இரண்டு இரவு தங்குங்கள், மாலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய ஊர் அது.

11. எப்போது கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லலாம்

மூன்று இடங்களில் நான் யோசிக்காமல் வேறு பயணம் பார்க்கச் சொல்வேன். மூன்று இரவுப் பயணத்தில் ஒரே ஒரு நிறுத்தம், அதுவும் பிடிக்கவில்லை, கப்பலும் பழையது, உள்ளே பொழுதுபோக்கும் குறைவு. அடுத்தது, கூட வருகிறவர்களில் ஒருவருக்கு அந்த ஊர் உண்மையான மனக்கஷ்டம் கொடுக்கும். கேபினிலேயே இரு என்று அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கிப் போவது சரியில்லை. மூன்றாவது, முன்பு சொன்ன விசாத் தொல்லை.

மற்றபடி பிடித்த கப்பல், பொருந்தும் தேதி, கட்டுப்படியாகும் விலை மூன்றும் இருந்து ஒரு ஊர் மட்டும் இடிக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

12. புக் செய்த பிறகு

முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா, கிடைக்காததா என்று பார்த்துக் கட்டுங்கள். விலை குறைவு என்று திரும்பாததை எடுத்தவர்கள் பிறகு அட்டவணை மாறும்போது கையைப் பிசைகிறார்கள். மீதிப் பணம் கட்டும் தேதியைக் காலண்டரில் போட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு ஊர்களையும் நேரங்களையும் மறுபடி பாருங்கள். மனசு மாற அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

தூரமான ஊருக்குக் கப்பல் நிறுவனத்தின் டூரையே எடுங்கள், பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும் அல்லது அவர்களே அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்ப்பார்கள். நடந்து போகிற ஊருக்கு டூர் தேவையில்லை. தனியாகப் போகும்போது பாஸ்போர்ட்டின் நகல், கொஞ்சம் உள்ளூர்ப் பணம், துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பலுக்காக வேலை பார்ப்பவரின்) எண் மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் முந்தின நாள் இரவு கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ இருக்கும், கரையில் இறங்கினபின் கப்பலின் வைஃபை எட்டாது என்பதால் இரவிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.